நாக்கு ஒட்டும் தாய்ப்பாலும் – ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளுக்கும் அரசுகளுக்கும் வரலாறு உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. நோய்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரியம்மை, வாந்திபேதி, மலேரியா போன்று ஊர்களையே வெறுமையாக்கிய நோய்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை ஓரளவு பெற்றுள்ளன. ஆயின், ஒரு குழந்தையின் வாயினுள், அரை அங்குலத்திற்கும் குறைவான இடத்தில் அமைந்துள்ள மெல்லிய சவ்வு மடிப்பொன்றும் நீண்ட வரலாறுடையது என்று கூறின் வியப்பாயிருக்கலாம். ‘நாக்கு ஒட்டு’ என்று பேச்சுவழக்கிற் குறிக்கப்படும் பிறவிநிலை பற்றியும், அதனை வெட்டி விடுவிக்கும் சிறு சிகிச்சை பற்றியும், அச்சிகிச்சை குழந்தையின் பாலருந்தலோடு கொண்டுள்ள தொடர்பு பற்றியும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவப் பொருளைக் கலைப்பீட மாணவர் எழுதலாமோ என்ற ஐயம் எழலாம். எமது பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் 1991 முதல் ராகமையில் இயங்கி வருகின்றது. சவ்வை எவ்வாறு வெட்டுவது என்பதை அவர்கள் கற்பிப்பார்கள். அதனை ஒரு காலத்தார் நோயென்றும் இன்னொரு காலத்தார் நோயன்று என்றும் ஏன் கருதினர் என்ற வினாவோ வரலாற்று மாணவனுக்குரியது.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். நாவை உயர்த்திப் பார்க்கின் அதன் அடிப்பாகத்தை வாயின் தளத்தோடு இணைக்கும் ஒரு மடிப்பு காணப்படும். மனிதர் அனைவருக்கும் இஃது உண்டு. சிலருக்கு இம்மடிப்பு குறுகியதாகவோ தடித்ததாகவோ நாநுனிக்கு மிக அருகிற் பொருந்தியதாகவோ அமைந்து, நாவின் அசைவைத் தடை செய்கின்றது. அந்நிலையே நாக்கு ஒட்டு. குழந்தை தாய்ப்பால் அருந்தும்போது முலைக்காம்பை மட்டும் பற்றி உறிஞ்சுவதில்லை. வாயை அகலத் திறந்து, காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியையும் உள்வாங்கி, கீழ் ஈற்றின்மேல் நாவை நீட்டி, அதனைத் தாழ்த்தி வாயினுள் வெற்றிடத்தை உண்டாக்கியே பாலைப் பெறுகின்றது. நா நீளாதாயின் ஈறு காம்பை நசுக்கும். தாய்க்கு வலியும் புண்ணும் உண்டாகும். குழந்தைக்குப் போதிய பால் சேராது. பால் முழுமையாக வெளியேறாத மார்பிற் பால் சுரப்பதும் படிப்படியாகக் குறையும். எனினும் நாக்கு ஒட்டுடைய குழந்தைகள் அனைத்தும் இவ்வாறு துன்புறுவதில்லை. பல குழந்தைகள் எவ்வித இடருமின்றி அருந்துகின்றன. வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ள கருத்து முரண்பாட்டிற்கு இவ்வுண்மையே அடிப்படையாகும்.

தமிழர் மரபில் நா என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது பாலன்று, சொல்லே. நாவன்மை, நாநலம், நாவலர் ஆகிய சொற்கள் யாவும் பேச்சையே சுட்டுவன. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்துக் குழந்தையின் நாவிற் தடவும் வழக்கமும், பேச்சுத் தெளிவாக வரவேண்டும் என்ற நம்பிக்கையோடு தொடர்புடையதே. பிள்ளைக்குப் பேச்சுத் தாமதித்தால் நாவை நோக்குவதும், பால் குடியாவிட்டால் தாயின் மார்பை நோக்குவதுமே நம் வீடுகளின் இயல்பாக இருந்து வந்துள்ளது. யாழ்ப்பாணத்துப் பெண்களின் பேறுகால உணவில் காயச் சரக்கும் பால்சுறாவும் பெற்ற முதன்மையை ஈண்டு நினைவுகூரலாம். பால் சுரக்க வேண்டியது தாயின் கடமை. குழந்தையின் வாயில் தடையிருக்கலாம் என்ற எண்ணம் அம்மரபில் வலுப்பெறவில்லை.

இந்திய மருத்துவ நூல்களும் இதற்குப் பெரிதும் வேறுபட்டன அல்ல. சுசுருத சங்கிதை நாநோய்களை ஐந்தாக வகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் ‘அலாசம்’ என்பது நாவின் அடியிலே தோன்றி நாவை அசையவொட்டாது செய்யும் வீக்கமாகும். அது பிறவிநிலை அன்று. ஆயின் நாவடிச் சவ்வை வெட்டும் செயல்முறை இந்திய மரபில் அறியப்படாததும் அன்று. அதனை மருத்துவ நூலில் அன்றி யோக நூலிலேயே காண்கின்றோம் என்பது சுவையான செய்தி. கேசரி முத்திரை பயிலும் யோகி நாவை மேல்நோக்கி மடித்து அண்ணத்தின் பின்னே செலுத்த வேண்டும். அதற்குத் தடையாயுள்ள சவ்வை, கள்ளியிலை வடிவான கூரிய கருவியால் மயிரளவு மயிரளவாக வெட்டி, இந்துப்பும் கடுக்காயும் சேர்த்துத் தேய்த்து, ஆறு மாத காலத்தில் முற்றாக நீக்குமாறு ஹடயோகப் பிரதீபிகை விதிக்கின்றது. கேசரி யோகம் பற்றித் திருமந்திரமும் தனியே பேசுகின்றது. யோகிக்காக நாவை விடுவிக்கும் நுட்பம் அறிந்திருந்த மரபு, பாலருந்தும் குழந்தைக்கு அதனைப் பரவலாகப் பயன்படுத்தியதற்குச் சான்று தேடின் அரிதாகவே உள்ளது. ஓர் உறுப்பை எக்குறிக்கோளுடன் நோக்குகின்றோமோ அக்குறிக்கோளே அதன் குறைபாட்டையும் நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஐரோப்பிய வரலாறு வேறொரு பாதையிற் சென்றது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் உரோமரான செல்சஸ் நாவடிச் சவ்வை வெட்டுதல் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏஜினா நகரத்துப் போல் என்னும் மருத்துவரும் இதனை விளக்கியுள்ளார். பிற்பட்ட நூற்றாண்டுகளில் மருத்துவிச்சியரே இதனைப் பெரிதும் செய்து வந்தனர். பிறந்த குழந்தையின் சவ்வைக் கிழிப்பதற்கென்றே ஒரு விரல் நகத்தை நீளமாக வளர்த்துக் கூராக்கி வைத்திருந்த மருத்துவிச்சியர் பற்றி ஐரோப்பிய நூல்கள் கூறுகின்றன. இத்தாலியச் சத்திரவைத்தியர் பப்ரீசியஸ் போன்றோர் இவ்வழக்கத்தைக் கண்டித்தனர். குருதிப் பெருக்கும் புண்ணழற்சியும் உண்டாகும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே. ஆயினும் பிள்ளைப்பேற்று அறை யாருடைய ஆட்சிக்குட்பட்டது என்ற போட்டியும் அக்கண்டனத்தில் மறைந்திருந்தது எனலாம். சத்திரவைத்தியரும் இச்சிகிச்சையைக் கைவிட்டனரல்லர். நகத்திற்குப் பதிலாகக் கத்தரிக்கோலையும், நாவை உயர்த்திப் பிடிப்பதற்கு நடுவிற் பிளவுடைய உலோகத் தகட்டையும் கொண்டுவந்தனர். அத்தகைய கருவி இன்றும் வழக்கில் உள்ளது.

இலங்கையில் மேனாட்டு மருத்துவமும் பிள்ளைப்பேற்றுக் கல்வியும் வேரூன்றிய வரலாற்றில் தமிழுக்குச் சிறப்பானதோர் இடமுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மொழிமூலம் மருத்துவம் கற்பித்தார். மான்செல் என்பாரின் பிரசவ நூலை 1857இலும், துருயிற்றின் சத்திரவைத்திய நூலை ‘இரணவைத்தியம்’ என 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இலும் தமிழில் வெளியிட்டார். தமிழில் அறிவியல் கற்பிக்க இயலுமோ என்று நாம் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கையில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே பிரசவமும் சத்திரசிகிச்சையும் தமிழிற் கற்பிக்கப்பட்டன என்பது நினைக்கத்தக்கது. தெற்கிலே 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரியும், 1879இல் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையினால் டி சொய்சா பிரசவ மனையும், 1895இல் குழந்தைகளுக்கென லேடி றிட்ஜ்வே ஆஸ்பத்திரியும் தோன்றின. பிள்ளைப்பேறு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் படிப்படியாக இடம்பெயரத் தொடங்கிய காலம் அது.

அதே காலப்பகுதியிலேயே குழந்தை உணவின் வரலாற்றில் மற்றொரு பெரும் மாற்றமும் தொடங்கியது. 1866இல் சுவிற்சர்லாந்தில் ஆங்கிலோ–சுவிஸ் டின்பால் கம்பனி நிறுவப்பட்டது. 1867இல் ஹென்றி நெஸ்லேயின் குழந்தை உணவு மா சந்தைக்கு வந்தது. 1905இல் இரு நிறுவனங்களும் ஒன்றிணைந்தன. டின்பாலும் பால்மாவும் சூப்பிப் போத்தலும் மேனாட்டு வீடுகளில் இடம்பெற்றன. இதன் விளைவை நம் பொருளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். போத்தலிலிருந்து பால் பெறுவதற்கு நாவின் நீட்சி அத்துணை இன்றியமையாததன்று. ஆகவே தாய்ப்பாலூட்டல் அருகிய சமூகத்தில் நாக்கு ஒட்டு ஓர் இடராகவே தோன்றவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதனை வெட்டுதல் தேவையற்ற பழைய வழக்கம் என்ற கருத்து மேனாட்டு மருத்துவரிடையே வலுப்பெற்றது. நோய் தீர்ந்துவிடவில்லை; அதனை வெளிப்படுத்தும் செயல் மறைந்தது. நூற்றாண்டுகளாக நூல்களில் இடம்பெற்ற ஒரு குறைபாடு, ஒரு போத்தலின் வரவால் மருத்துவப் பார்வையிலிருந்து பெரிதும் நீங்கிற்று.

போத்தல் கீழைத்தேயங்களுக்கு வந்தபோது விளைவு மேலும் கொடியதாயிற்று. தூய நீரும் எரிபொருளும் அரிதான வீடுகளில் கரைத்த பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவிற் பணியாற்றிய வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்குப் ‘பாலும் கொலையும்’ என்ற பொருளுடைய தலைப்பையே இட்டார். தவறான குழந்தை உணவுப் பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையென்றே கொள்ள வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். அவ்வெச்சரிக்கை உலக அரங்கில் விதியாக வடிவம் பெற மேலும் நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் பதிலீடுகளின் விற்பனை பற்றிய சர்வதேசக் கோவையை நிறைவேற்றிற்று. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே.

இலங்கையின் அனுபவம் இவ்விடத்திற் தனித்து நோக்கற்பாலது. 1926இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவு ஆசியாவிலேயே முன்னோடியானது. மருத்துவிச்சி ஆஸ்பத்திரியிற் காத்திருப்பதை விடுத்து வீடு தேடிச் செல்லும் முறை அதனூடாகப் பரவியது. மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935இல் ஆயிரம் பிறப்புக்கு 263 ஆகவிருந்த சிசு மரண வீதம் 1947இல் 101 ஆகவும், 1960இல் 57 ஆகவும் குறைந்தது. இன்று அது பத்துக்கும் கீழே உள்ளது. இவ்வெற்றிக்கு மலேரியா ஒழிப்பு, கல்வி, இலவச மருத்துவம் முதலிய பல காரணங்கள் உண்டு. வீட்டு வாயிலுக்கு வந்த மருத்துவிச்சியின் பங்கும் அவற்றுள் ஒன்று. எனினும் இவ்வளர்ச்சி எல்லோரையும் ஒரே காலத்திற் சென்றடையவில்லை. தாய் கொழுந்து பறிக்கச் செல்ல, குழந்தை பிள்ளைமடுவத்தில் விடப்பட்ட மலையகத் தோட்டங்களில் சிசு மரண வீதம் நெடுங்காலம் நாட்டின் சராசரியினும் உயர்ந்தே இருந்தது. தாய்ப்பாலூட்டல் என்பது தாயின் விருப்பம் மட்டுமன்று, அவளது வேலை நேரமும் கூலியும் சார்ந்தது என்பதற்குத் தோட்டங்களின் வரலாறு சான்று பகரும்.

சர்வதேசக் கோவை நிறைவேறிய 1981ஆம் ஆண்டிலேயே இலங்கையும் தனக்கெனக் கோவையொன்றை வகுத்துக்கொண்டது. பின்னர் அது திருத்தி வலுவாக்கப்பட்டது. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டப்படும் குழந்தைகளின் விகிதம் 2006–07ஆம் ஆண்டு ஆய்வில் 76 வீதமாகவும் 2016ஆம் ஆண்டு ஆய்வில் 82 வீதமாகவும் பதிவாயிற்று. உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் இதுவும் ஒன்று. தாய்ப்பால் மீண்டும் சமூக விதியாக நிலைபெறும் இடத்தில், அதனை அருந்த இயலாத குழந்தையின் இடர் மீண்டும் கண்ணுக்குத் தென்படும். மேனாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு 1970களின் பின்னர் தாய்ப்பாலூட்டல் மறுமலர்ச்சி பெற, மறக்கப்பட்ட நாக்கு ஒட்டும் மறுபடி மருத்துவ நூல்களுள் நுழைந்தது.

இவ்வாறு மீண்டுவந்த சிகிச்சை உண்மையிற் பயன் தருகின்றதா? இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், பாலருந்தலில் இடர்ப்பட்ட 57 குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. உடனே சவ்வு வெட்டப்பட்ட 28 பேரில் 27 பேர் முன்னேற்றம் கண்டனர். 48 மணித்தியாலம் ஆலோசனை மட்டும் பெற்ற 29 பேரில் முன்னேறியது ஒரு குழந்தையே. அவ்வாண்டிலேயே பிரித்தானிய அரசின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் இச்சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. ஆயின் தன் குழந்தைக்குச் சிகிச்சை நடந்ததென்பதைத் தாய் அறிந்திருந்தாள். அவ்வறிவே அவளது மதிப்பீட்டைப் பாதித்திருக்கலாம். இக்குறையைக் களைய முயன்ற அமெரிக்க ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. அதில் 58 குழந்தைகளுட் சிலருக்குச் சவ்வு வெட்டப்பட்டது. ஏனையோர் வெட்டப்படாமலே அறைக்குள் கொண்டுசென்று மீளக் கொண்டுவரப்பட்டனர். தாய்மார் அறியாதிருந்தும், வெட்டப்பட்ட குழுவில் வலி அதிகமாகக் குறைந்தது. மறுபுறம், பிறிஸ்ரல் நகரில் 107 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, ஐந்து நாட்களின் பின்னர் பாலருந்தும் திறனில் அளவிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. தாயின் தன்னம்பிக்கை உயர்ந்ததையே கண்டது.

இவற்றை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு 2017இல் வெளிவந்தது. ஐந்து ஆய்வுகள், 302 குழந்தைகள். தாயின் முலைக்காம்பு வலி குறுகிய காலத்திற் குறைகின்றது. குழந்தையின் பாலருந்தலில் ஒரேசீரான நன்மை நிறுவப்படவில்லை. இதுவே அதன் முடிவு. ஐயத்தைத் தீர்க்கவெனப் பிரித்தானியாவில் 870 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்ட பேராய்வு 169 பேரோடு நின்றுபோயிற்று. ஆலோசனை மட்டும் பெறவேண்டிய குழுவிலும் பெரும்பாலான குழந்தைகள் பின்னர் அச்சிகிச்சையைப் பெற்றுவிட்டன. விடையை அறிய முன்னரே சமூகம் முடிவெடுத்துவிட்டது என்பதை இது உணர்த்துகின்றது. அமெரிக்காவின் ஆஸ்பத்திரிகளில் 1997க்கும் 2012க்கும் இடையே நாக்கு ஒட்டு எனப் பதிவான குழந்தைகளின் தொகை எட்டு மடங்குக்கு மேலும், சவ்வு வெட்டப்பட்டோர் தொகை ஒன்பது மடங்குக்கு மேலும் பெருகின. பதினைந்து ஆண்டுகளில் மனித உடற்கூறு மாறிவிடாது, மாறியது நோக்கே. 2019இல் நியூசிலாந்தில் வெளியான உடற்கூற்று ஆய்வு, நாவடிச் சவ்வு ஒரு தனிக் கயிறன்று, வாய்த்தளம் முழுவதும் விரிந்துள்ள படலத்தின் மடிப்பே என்று காட்டிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அக்கடமி 2024இல் வெளியிட்ட அறிக்கை, நாக்கு ஒட்டின் தோற்றமுடைய குழந்தைகளில் அரைவாசிக்கும் குறைவானோரே பாலருந்தலில் இடர்ப்படுகின்றனர் என்றும், வெட்டுமுன் பாலூட்டலை நன்கு ஆராய்தல் வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன யாவை? முதலாவது, இரு தீவிர நிலைகளும் தவறானவை. நாக்கு ஒட்டு என்பதே கட்டுக்கதை என்று தள்ளுவது, வலியோடு போராடும் தாயைத் தனியே விடுவதாகும். பால் குடியாத குழந்தை அனைத்திற்கும் கத்தரிக்கோலே விடை என்பது, அணைத்துப் பிடிக்கும் முறையாற் தீரக்கூடிய இடருக்கும் குருதி சிந்த வைப்பதாகும். பாலூட்டும் வேளையை அறிந்த ஒருவர் அருகிருந்து பார்த்தல், பிடிக்கும் முறையைத் திருத்துதல், குழந்தையின் நிறையைக் கவனித்தல், அதன் பின்னரும் இடர் தொடரின் பயிற்சிபெற்ற வைத்தியரை நாடுதல் என்ற ஒழுங்கே பொருத்தமானது.

இரண்டாவது நம் சமூகத்திற்குரியது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களிலும் வாழும் இளந்தாய்மாரிற் பலருக்கு, முப்பத்தொரு நாளும் உடனிருந்து பத்தியம் சமைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டிய தாயும் மாமியும் இன்று அருகில் இல்லை. போரும் புலம்பெயர்வும் அவர்களைக் கண்டங்களுக்கு அப்பால் கொண்டுசென்றுவிட்டன. மருத்துவ ஆலோசனை கிடைப்பினும், அது தன் தாய்மொழியிற் கிடைக்கின்றதா என்பது வேறொரு வினா. ‘எங்கே நோகின்றது, எப்போது நோகின்றது, பிள்ளை விழுங்கும் ஓசை கேட்கின்றதா’ என்பன நுட்பமான வினாக்கள். அரைகுறையாக அறிந்த மொழியில் அவற்றுக்கு விடையளிக்க எவராலும் இயலாது. கிறீன் மானிப்பாயிற் தமிழிற் கற்பித்ததன் அருமை இவ்விடத்திலேயே புலப்படுகின்றது. அவர் நோயாளியின் மொழியில் மருத்துவனை உருவாக்க முயன்றார். சிங்களமும் தமிழும் அறிந்த மருத்துவிச்சியரும், எளிய தமிழில் அமைந்த கைந்நூல்களும் இன்றும் நமக்குத் தேவையாகவே உள்ளன. இதில் மொழித்துறை மாணவரும் மருத்துவ மாணவரும் கைகோக்க இடமுண்டு. ஒரே பல்கலைக்கழகத்தின் இரு பீடங்களுக்கிடையே உள்ள தூரம் கடக்கவியலாததன்று.

மூன்றாவதும் முதன்மையானதும் ஒன்றுண்டு. பால் போதாமைக்குத் தாயையே குற்றவாளியாக்கும் வழக்கம் பழைமையானது. ‘உனக்குப் பால் இல்லை’ என்ற ஒரு சொல், எத்தனையோ வீடுகளிற் பால்மாப் பேணியைத் திறந்து வைத்துள்ளது. நாக்கு ஒட்டின் வரலாறு அச்சொல்லை மறுத்துரைக்கின்றது. பாலூட்டல் என்பது ஒருத்தியின் கடமை அன்று. இருவர் சேர்ந்து பழகும் தொழில். அவ்விருவருள் ஒருவர் பேச அறியாதவர். அவரது வாயைத் திறந்து பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். பார்த்த பின் உடனே வெட்டாதிருக்கும் பொறுமையும் வேண்டும்.